ஜெர்மனியின் தாது மலையில் ஒரு பனி வாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் லைப்சிக் நகரத்தில் வேலை பார்க்கிறேன். ஜனவரி கடைசி வந்தால் லீவு போட்டுவிட்டு எர்ட்ஸ்கெபிர்கே மலைப் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்தில் போய் உட்கார்ந்துகொள்வது நாலைந்து வருஷமாகப் பழகிவிட்டது. திரும்பி வந்து படங்களை அனுப்பினால் ஊரிலிருந்தும் இங்கேயுள்ள நண்பர்களிடமிருந்தும் அதே கேள்விகள்தான் வருகின்றன. ஆளாளுக்குக் குரல் செய்தி அனுப்பி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

எர்ட்ஸ்கெபிர்கேயா? அது எங்கே இருக்கிறது?

கிழக்கு ஜெர்மனியில், சாக்சனி மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், செக் எல்லையை ஒட்டி நீளமாகப் படுத்திருக்கும் மலைத்தொடர். பெயருக்கே தாது மலை என்றுதான் அர்த்தம். 1168 வாக்கில் ஃப்ரைபெர்க் பக்கம் வெள்ளி கிடைத்ததிலிருந்து எண்ணூறு வருஷத்துக்கும் மேல் தோண்டியிருக்கிறார்கள். வெள்ளி, வெள்ளீயம், கோபால்ட் எல்லாம் எடுத்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் நாட்டுக்காக யுரேனியம் வரைக்கும் எடுத்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள சுரங்கப் பகுதிகளை 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்னொரு விஷயம், நாம் டாலர் என்கிறோமே, அந்தச் சொல்லே இந்த மலையில் பிறந்ததுதான். செக் பக்கம் யாக்கிமோவ் என்று ஒரு ஊர், அதன் ஜெர்மன் பெயர் யோவாகிம்ஸ்டால். அங்கே அச்சடித்த வெள்ளிக் காசுக்கு ஊர்ப் பெயரின் வாலைப் பிடித்து 'டாலர்' என்று பெயர் வந்து, அது கடல் கடந்து போய்விட்டது.

பனி பார்க்க ஆல்ப்ஸ் போகாமல் இங்கே ஏன்?

ஆல்ப்ஸ் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே குளிர்காலம் என்றால் ஸ்கீ, ஸ்கீ என்றால் வரிசை, வரிசை என்றால் காசு. நான் ஸ்கீ ஓட்டுகிறவன் இல்லை, ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை.

இங்கே என்னை இழுத்தது ஜன்னல் வெளிச்சம். முதல் தடவை சாயங்காலம் ஐந்து மணிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, இருட்டில் ஊர் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இருந்து, ஒரு வளைவு திரும்பியதும் ஏறக்குறைய எல்லா வீட்டு ஜன்னலிலும் அரை வட்டமாக வளைந்த ஒரு விளக்கு. ஷ்விப்போகன் என்பார்கள். மரத்தில் செய்த வளைவு, மேலே வரிசையாக மெழுகுவர்த்தி (இப்போது பெரும்பாலும் பல்புதான்), உள்ளே சுரங்கத் தொழிலாளி, மரச்சாமான் கடைபவர், பின்னல் வேலை செய்யும் பெண் என்று சின்னச் சின்ன உருவங்கள். சுரங்கத் தொழிலாளிகள் குளிர்காலத்தில் விடியுமுன் உள்ளே இறங்குவார்கள், இருட்டிய பிறகுதான் மேலே வருவார்கள். பல வாரம் சூரியனையே பார்க்காத ஆட்கள். அவர்களுக்காக வீட்டு ஜன்னலில் வைத்த விளக்கு என்று ஊரில் சொல்வார்கள். பக்கத்தில் தேவதை பொம்மையும் சுரங்கத் தொழிலாளி பொம்மையும் கையில் மெழுகுவர்த்தி ஏந்தி நிற்கும். பழைய வழக்கப்படி வீட்டில் எத்தனை பெண் குழந்தையோ அத்தனை தேவதை, எத்தனை பையனோ அத்தனை தொழிலாளி. தெருவில் நடந்துகொண்டே ஜன்னல்களைப் பார்த்து, இந்த வீட்டில் இரண்டு பெண், ஒரு பையன் என்று எண்ணிக்கொண்டே போகலாம். நான் எண்ணுவேன்.

எந்த மாதம் போக வேண்டும்?

எல்லோரும் டிசம்பர் என்பார்கள். கிறிஸ்துமஸ் சந்தை வேண்டுமென்றால் டிசம்பர் சரி. அமைதி வேண்டுமென்றால் தயவுசெய்து வேண்டாம், வார இறுதிகளில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து கொட்டிக்கொண்டே இருக்கும்.

ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் கூட்டம் கரைந்துவிடும். இந்த மலையில் பழக்கம் என்னவென்றால் ஜன்னல் விளக்குகளைப் பல வீடுகளில் பிப்ரவரி 2, லிஷ்ட்மெஸ் என்ற மெழுகுவர்த்தித் திருநாள் வரைக்கும் எடுக்க மாட்டார்கள். ஆக, ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி 2 வரை விளக்கும் இருக்கும், பனிக்கும் வாய்ப்பு அதிகம், ஆட்கள் குறைவு. இதைவிட நல்ல இரண்டு வாரம் எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் சாக்சனி பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை வந்துவிடும், வாடகை ஏறும்.

பனி நிச்சயமாக இருக்குமா?

நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது நடுத்தர உயர மலை, ஜெர்மன் பக்கத்தில் உச்சி ஃபிஷ்டல்பெர்க், 1,215 மீட்டர். மேலே இடுப்பளவு கிடக்கும்போதே ஐந்நூறு மீட்டர் உயரத்தில் மழை பெய்து சேறாக இருக்கும். குளிர்காலங்கள் முன்பு போல இல்லை என்று ஊர்ப் பெரியவர்கள் எல்லோருமே சொல்கிறார்கள். பனிதான் முக்கியம் என்றால் எண்ணூறு மீட்டருக்கு மேலே உள்ள ஊராகப் பாருங்கள். ஓபர்வீசன்டால் 914 மீட்டர், நகர அந்தஸ்து உள்ள ஜெர்மன் ஊர்களில் அதுதான் மிக உயரத்தில் இருப்பது.

தமிழில் ஒரு சங்கடம். காலையில் புல்லில் இருப்பதும் பனி, மார்கழியில் கண்ணை மறைப்பதும் பனி, இங்கே கொட்டுவதும் பனி. இங்கே ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருக்கிறது. நான் ரசிப்பது கொட்டும் பனியைக்கூட அல்ல, ரௌராய்ஃப் என்கிற வகையை. செக் பக்கத்துப் பள்ளத்தாக்கில் தேங்கிக் கிடக்கும் குளிர்க் காற்றும் மூடுபனியும் மலை முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வழியும். அந்த ஈரம் மரக்கிளை, வேலிக் கம்பி, வழிகாட்டிப் பலகை எல்லாவற்றிலும் காற்று வரும் திசையைப் பார்த்து வெள்ளை முள்ளாக உறைந்துபோகும். பனி கொட்டாத வருஷத்திலும் இது கிடைக்க வாய்ப்புண்டு.

எத்தனை நாள்? எந்தெந்த ஊர்?

ஒரே ஊர், ஐந்து இரவு. இதில் நான் பிடிவாதக்காரன், ஏன் என்று சொல்கிறேன்.

முதல் வருஷம் ஆறு நாளில் நாலு ஊர் என்று திட்டம் போட்டேன். எக்செல் ஷீட் எல்லாம் உண்டு. சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு போனேன், பனியில் சக்கரம் உருளாது என்ற எளிய உண்மை எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. மூன்றாம் நாள் கடைசி பஸ்ஸை இரண்டு நிமிஷத்தில் விட்டுவிட்டு, பதினெட்டு கிலோ பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு நாலு கிலோமீட்டர் இருட்டில் நடந்தேன். போய்ச் சேர்ந்த விடுதியில் சாவி கொடுப்பவர் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போயிருந்தார். அந்தப் பயணத்தில் எனக்கு நினைவிருப்பது பஸ் நேர அட்டவணைகள் மட்டும்தான். அடுத்த வருஷம் முதுகுப்பை, ஒரே ஊர்.

ஊர் என்றால் இரண்டைச் சொல்வேன். ஒன்று ஸைஃபன், மரப் பொம்மை ஊர். ஆற்று மணலில் வெள்ளீயத்தை அலசி எடுத்ததால் வந்த பெயர். சுரங்கம் வற்றியதும் கைத்தொழிலாக மரம் கடையத் தொடங்கியவர்கள் இன்னும் கடைந்துகொண்டிருக்கிறார்கள். இன்னொன்று மேலே சொன்ன ஓபர்வீசன்டால், அதிலும் ஸ்கீ சரிவிலிருந்து தள்ளி உள்ள தெருக்கள். பேரே தெரியாத சின்னக் கிராமத்தில் வீடு எடுப்பது இன்னும் நல்லது, ஆனால் கடை எவ்வளவு தூரம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது?

லைப்சிக், டிரெஸ்டன் இரண்டிலிருந்தும் முதலில் கெம்னிட்ஸ். ஸைஃபனுக்கு ரயில் கிடையாது. கெம்னிட்ஸிலிருந்து ஓல்பர்ன்ஹாவ் வரை சின்ன ரயில், அப்புறம் பஸ். ஓபர்வீசன்டாலுக்கு க்ரான்ட்ஸால் வரை சாதாரண ரயில், அங்கே இறங்கினால் பக்கத்திலேயே நீராவி ரயில் நிற்கும். 1897இலிருந்து ஓடும் குறுகிய பாதை, தண்டவாள அகலம் 75 சென்டிமீட்டர், தூரம் 17 கிலோமீட்டர் சொச்சம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். நடந்தால் என்ன என்று தோன்றும் வேகம், ஆனால் கரிப்புகை வாசனையோடு காட்டுக்குள் ஏறும்போது அதைவிட வேகம் வேண்டும் என்று தோன்றாது. ஜன்னல் பக்கம் உட்காருங்கள், வெளியே தலையை நீட்டினால் கண்ணில் கரித்தூள் விழும்.

கார் என்றால் குளிர்கால டயர் கட்டாயம், டயரில் மலையும் பனித்துகளும் போட்ட குறி இருக்க வேண்டும். பனியில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் பழகுவதற்கு இந்த மலைச் சாலைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

நாள் முழுக்க அங்கே என்னதான் செய்வாய்?

ரொம்பக் கொஞ்சம். எட்டு மணிவாக்கில்தான் வெளிச்சம் வரும், எழுந்து பேக்கரிக்குப் போய் ரொட்டி வாங்கி வருவேன். அப்புறம் நடை. ஸைஃபனில் இருந்தால் ஷ்வார்டன்பெர்க் மேட்டுக்கு நடந்தே ஏறிவிடலாம், 789 மீட்டர், மேலே ஒரு உணவு விடுதி, மரங்கள் மறைக்காத வெட்டவெளி, நாலு பக்கமும் மலை அலையலையாகத் தெரியும். ஓபர்வீசன்டாலில் என்றால் ஃபிஷ்டல்பெர்க்குக்கு 1924இல் போட்ட கேபிள் கார் இருக்கிறது, ஜெர்மனியிலேயே பழையது. ஏறுவதற்கு அது, இறங்குவதற்குக் கால். நடக்கும்போது ஒன்று கவனியுங்கள். பனியில் இரண்டு இணைகோடுகள் மாதிரி அழுத்தி வைத்திருந்தால் அது ஸ்கீ ஓட்டுபவர்களுக்கான தடம். அதன் மேல் பூட்ஸோடு நடந்து குழி போட்டால் எவ்வளவு சாதுவான ஜெர்மன்காரரும் திட்டிவிடுவார்.

ஸைஃபனில் தவறவிடக் கூடாதது வளையம் கடைதல். ஊறவைத்த ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) துண்டைச் சுழலவிட்டு, கடைபவர் உளியால் மேடும் பள்ளமுமாகக் குடைந்துகொண்டே போவார். பார்ப்பவருக்கு அது ஏதோ விசித்திரமான மர வளையம், அவ்வளவுதான். முடித்துவிட்டுக் கேக் வெட்டுவது போல அந்த வளையத்தைப் பிளப்பார், ஒவ்வொரு துண்டும் பக்கவாட்டில் ஒரு பசுவாகவோ குதிரையாகவோ இருக்கும். கடையும்போது உருவம் அவர் கண்ணுக்கும் தெரியாது, கையின் நினைவில்தான் மாட்டின் முதுகு, கால் எல்லாம் இருக்கிறது. ஒரே வளையத்திலிருந்து ஒரு மந்தையே கிடைக்கும். நான் ஒவ்வொரு வருஷமும் போய் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன்.

மதியம் சூப், தூக்கம். ஐந்து மணிவாக்கில் இருட்டத் தொடங்கிவிடும். விளக்குகள் ஏறும் நேரத்தில் இன்னொரு சின்ன நடை, ஸைஃபனில் என்றால் 1779இல் கட்டி முடித்த எண்கோணத் தேவாலயம் வரை. மர விளையாட்டுச் சாமானில் செய்வார்களே, அந்தத் தேவாலயத்துக்கு மாதிரி இதுதான். அப்புறம் வீடு, புத்தகம். அவ்வளவுதான் நாள்.

போரடிக்காதா? இவ்வளவு சீக்கிரம் இருட்டினால் மனசு சோர்ந்துபோகாதா?

இரண்டாம் நாள் போரடிக்கும், மறைக்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் போனை எடுத்து வேறு எங்கே போகலாம் என்று தேட ஆரம்பிப்பீர்கள். மூன்றாம் நாள் அந்தக் கை அரிப்பு நின்றுவிடும். அதனால்தான் ஐந்து இரவு என்றேன், இரண்டு இரவு போய்விட்டு வந்து ஒன்றுமே இல்லை என்று சொன்ன நண்பர்கள் இருக்கிறார்கள்.

இருட்டைப் பற்றி: நகரத்தில் குளிர்கால இருட்டு எனக்கும் ஆகாது. ஆபீஸ் ஜன்னலில் நாலரைக்கு இருட்டுவதைப் பார்த்தால், நாள் கையை விட்டுப் போய்விட்டது, வேலை முடியவில்லை என்றுதான் தோன்றும். மலையில் அதே இருட்டுக்கு ஃபையரோம்ட் என்று வட்டார வழக்கில் பெயர், வேலை முடிந்த மாலை என்று பொருள். ஆனால் ஏற்கனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் தனியாகப் போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டாம், துணையோடு போங்கள்.

உண்மையிலேயே அவ்வளவு அமைதியா, இல்லை சும்மா சொல்கிறாயா?

புதுப் பனி பெரும்பகுதி காற்றுதான். துகளுக்கும் துகளுக்கும் நடுவில் உள்ள அந்தக் காற்றிடைவெளிகளில் ஒலி போய் மாட்டிக்கொண்டு திரும்பி வராது, பஞ்சு வைத்த அறை மாதிரி. அதனால் ராத்திரி பனி கொட்டிய மறுநாள் காலையில் ஜன்னலைத் திறக்காமலே தெரிந்துவிடும், ஏதோ ஒன்று குறைகிறது என்று. இரண்டு மூன்று நாளில் மேல்பரப்பு உருகி மறுபடி உறைந்து ஓடு கட்டியதும் சத்தம் திரும்பிவிடும், அப்போது தூரத்து நாய் குரைப்பு முன்னைவிடத் தெளிவாகக் கேட்கும்.

முழு நிசப்தம் என்று நினைக்காதீர்கள். காலை ஏழு மணிக்கு எல்லோரும் வீட்டு வாசல் நடைபாதையில் பனி வாருவார்கள், அது அவர்கள் கடமை, தகர மண்வெட்டி தரையை உரசும் சத்தத்தில்தான் கண் விழிப்பீர்கள். மைனஸ் பத்துக்குக் கீழே போனால் பூட்ஸுக்கு அடியில் பனி கிறீச்சிடும், அவ்வளவு குளிரில் துகள்கள் உருகி வழுக்காமல் ஒன்றோடொன்று உரசி நொறுங்குவதால். எனக்குப் பிடித்த சத்தம்.

குளிர் தாங்குமா? என்ன உடுத்த வேண்டும்?

தாங்கும். சாதாரணமாக மைனஸ் இரண்டு, மூன்று. சில ராத்திரி மைனஸ் பத்துக்கும் கீழே. ஒரே தடிமனான கோட்டை நம்பாமல் அடுக்கடுக்காகப் போடுங்கள். உடம்போடு ஒட்டிக் கம்பளிப் பனியன், நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். பருத்தி பனியனை விட்டுவிடுங்கள், ஏறும்போது வியர்வை குடித்து, நின்றதும் ஐஸ் துணியாகிவிடும். பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக, தடித்த சாக்ஸ் போட்டும் விரல் அசைய வேண்டும். வழுக்கும் ஐஸுக்காக பூட்ஸில் மாட்டும் முள் பட்டை கிடைக்கிறது, பெரியவர்களோடு போனால் கட்டாயம் வாங்குங்கள். போன் பாட்டரி குளிரில் படுத்துவிடும், உள்பாக்கெட்டில் வையுங்கள்.

வீட்டுக்குள் ஹீட்டர் காற்றில் தோல் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் கல்லாக இருக்கும், ஹீட்டர் மேல் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

கஷ்டம்தான். உருளைக்கிழங்கில் செய்யும் பெரிய உருண்டைக்குக் க்ளோஸ் என்று பெயர், அதோடு சிவப்பு முட்டைக்கோஸ் கேட்டால் தருவார்கள். ஆனால் கோஸிலும் பருப்பு சூப்பிலும் பன்றிக்கொழுப்புத் துண்டு இருக்கலாம், 'ஓன ஷ்பெக்' (கொழுப்பு இல்லாமல்) என்ற இரண்டு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கிழங்கும் தயிர்க்கட்டி மாதிரியான குவார்க்கும் சேர்த்துத் தட்டிப் பொரித்த க்வார்க்கொய்ல்ஷன், முட்டை பரவாயில்லை என்றால், தைரியமாகச் சாப்பிடலாம், இனிப்பு, ஆப்பிள் கூழோடு வரும்.

சமையலறை உள்ள வீடாக எடுப்பதுதான் புத்திசாலித்தனம். நான் அரிசி, பருப்பு, ரசப்பொடி கொண்டுபோவேன். ஞாயிற்றுக்கிழமை கடைகள் இருக்காது, சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். கிராமத்து உணவு விடுதிகளுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விடுமுறை உண்டு, ராத்திரி எட்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். ரொக்கம் வைத்திருங்கள்.

மக்கள் எப்படி? நம் நிறத்தைப் பார்த்து ஏதாவது?

நேர்மையாகச் சொல்கிறேன். வெளிநாட்டினரை எதிர்க்கும் வலதுசாரிக் கட்சிக்கு நிறைய ஓட்டு விழும் பகுதி இது. எனக்கு அங்கே நேரடியாக மோசமாக எதுவும் நடந்ததில்லை, உற்றுப் பார்ப்பார்கள். ஆங்கிலம் குறைவு, அவர்கள் வட்டார ஜெர்மனோ லைப்சிக் ஆட்களுக்கே புரியாது. நான் கண்ட வழி, எதிரே வருபவருக்கு முதலில் நாமே 'க்ளுக் அவுஃப்' சொல்லிவிடுவது. பத்திரமாக மேலே வா என்று சுரங்கத்தில் வாழ்த்திக்கொண்ட வணக்கம், இன்றும் தெருவில் புழங்குகிறது. சொன்னதும் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டுக்காரப் பாட்டி, நான் ஜன்னலைத் திறக்காமல் ரசம் வைத்ததற்குப் படியேறி வந்து திட்டிவிட்டு, தினம் இரண்டு தடவை ஐந்து நிமிஷம் எல்லா ஜன்னலையும் விரியத் திறக்க வேண்டும் என்று வகுப்பெடுத்தார். மறுநாள் கதவில் ஸ்டோலன் என்ற கிறிஸ்துமஸ் கேக் பாதி தொங்கியது.

ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வந்தால்?

ஷெங்கன் விசா, கட்டணம் 90 யூரோ, முப்பதாயிரம் யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, இதெல்லாம் எங்கே போனாலும் உள்ளதுதான். வீடு தரைத்தளமா, பஸ் நிறுத்தத்திலிருந்து ஏற்றம் உண்டா என்று கேட்டு எடுங்கள். பனி பார்க்கும் ஆசை முதல் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அப்புறம் அவர்களுக்குப் பிடிப்பது ஜன்னல் விளக்குகளும் நீராவி ரயிலும்தான், என் வீட்டில் அப்படித்தான் ஆனது.

என்ன வாங்கி வரலாம்?

புகை மனிதன். ரொய்ஷர்மான் என்று கேளுங்கள். வயிற்றைத் தனியாகக் கழற்றி, உள்ளே சின்னக் கூம்பு வத்தியைக் கொளுத்தி வைத்து மூடினால் வாய் வழியாகப் புகை விடுவார். வத்தி கரித்தூள், குங்கிலியம், சந்தனம் எல்லாம் சேர்த்து உருட்டியது, வாசனை நமக்கு ரொம்பப் பழக்கமானது. அங்கேயே கடைந்த அசல் பொம்மை விலை அதிகம், மலிவாக இருந்தால் எங்கே செய்தது என்று அடியில் பாருங்கள்.

அம்மா வந்திருந்தபோது அந்த வத்தி தீர்ந்துபோய், ஊரிலிருந்து கொண்டுவந்த சாம்பிராணியை வைத்தார். பொம்மை மூக்கு, வாய், பொத்தான் எல்லாவற்றிலும் புகை விட்டது, கூரையில் இருந்த தீ அலாரம் அலறியது, மேல்வீட்டுக்காரர் செருப்போடு ஓடிவந்தார். அம்மா அவரையும் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.